கணக்கில் இல்லை, கிட்டங்கியில் இருக்கிறது

சில திங்களுக்கு முன்னர், கொங்கு நாட்டிலுள்ள ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். அச்சங்கத்தின் அங்கத்தினர்களில் ஒரு பகுதியினர் பருத்தியும் மஞ்சளும் பயிரிடுவோர். மற்றொரு பகுதியினர் தறியையும் நிலத்தையும் ஒருங்கே நம்பி வாழ்வோர். கூட்டம் முடிந்ததும், பழைய கிட்டங்கியை இடித்துவிட்டுப் புதியதொன்று கட்டப்போகும் இடத்தைக் காட்டுவதற்காகச் சங்கத் தலைவர் நம்மை அழைத்துச் சென்றார். கிட்டங்கியின் பின்மூலையில், துருவேறிய தெளிப்பான்களுக்கும் கிழிந்த சாக்குகளுக்கும் அடியில், ஐந்து பைகளும் மூன்று தகர டப்பாக்களும் கிடந்தன. எழுத்து மங்கியிருந்தபோதிலும் பைகளின்மேல் ‘பி.எச்.சி. 10 சதவீதத் தூள்’ என்று படிக்க முடிந்தது. டப்பாக்களில் பெயர்ச்சீட்டே இல்லை. ஒன்றின் அடிப்பாகம் அரித்துப்போய், உள்ளிருந்தது தரையில் கசிந்து கறையாக உறைந்திருந்தது.

இவை இருப்புப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் உள்ளன என்று வினவினோம். உடன் வந்த முதிய எழுத்தர், “பதிவேட்டில் இல்லைங்க ஐயா. தடை வந்த பிறகு விலைபோகாத சரக்கென்று தணிக்கையின்போது தள்ளுபடி செய்து எழுதிவிட்டோம். கணக்கில் இல்லை, கிட்டங்கியில் இருக்கிறது” என்றார்.

அவர் அதனைச் சாதாரணமாகவே கூறினார். ஆயினும் ஊர் திரும்பும் வழியெல்லாம் அச்சொற்கள் நம்மை விட்டு அகலவில்லை. பயிருக்கும் உயிருக்கும் கேடு விளைப்பவை என்று அரசாங்கத்தால் தடை செய்யப்பட்ட நஞ்சுகள் நாட்டிலிருந்து நீங்கிவிட்டனவா என்னும் கேள்விக்கு அவ்வெழுத்தரின் சொல்லே விடையாக அமைந்துவிட்டது. தடை என்பது பேனாவினால் செய்யப்படுவது. நஞ்சோ பேனாவுக்குக் கட்டுப்படுவதன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடப்பதற்காகவே இந்தியா உட்பட உலக நாடுகள் பல தேசியத் திட்டங்களை வகுத்திருக்கின்றன. அத்திட்டத்தில் நம் சங்கங்களுக்கு உரிய பங்கு யாது என்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணத்தினாலேயே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அழியாத நஞ்சுகள்

நஞ்சுகள் பலவகை. சில, தெளித்த சில நாட்களில் வெயிலாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களாலும் சிதைந்துவிடும். வேறு சில ஆண்டுக்கணக்கில், சில சமயம் பத்தாண்டுக் கணக்கில், சிதையாமல் நிற்கும். பின்னர்க் கூறிய இவ்வகையையே அறிஞர்கள் ‘நிலைத்த கரிம மாசுகள்’ என்று அழைக்கின்றனர். கரிமத்தோடு குளோரின் போன்ற தனிமங்களைச் சேர்த்து மனிதன் ஆக்கிய பொருள்கள் இவற்றுள் பெரும்பாலானவை.

இவற்றுக்கு நான்கு குணங்கள் உண்டு. எளிதில் சிதைவதில்லை என்பது முதற்குணம். நீரில் கரையாமல் கொழுப்பில் கரைந்து தங்குவது பெரும்பாலானவற்றின் இரண்டாவது குணம். காற்றிலும் நீரிலும் கலந்து நெடுந்தூரம் செல்வது மூன்றாவது. உயிர்களுக்குத் தீங்கு செய்வது நான்காவது. இவற்றுள் இரண்டாவது குணத்தை நம் அங்கத்தினர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். வயலில் தெளித்த மருந்தில் வாய்க்கால் நீருக்குச் செல்வது அணுவளவே. ஆனால், அந்நீரிலுள்ள பாசியில் அது சிறிது கூடுகிறது. பாசியைத் தின்னும் சிறுமீனில் மேலும் கூடுகிறது. சிறுமீனைத் தின்னும் பெருமீனிலும், பெருமீனைத் தின்னும் பறவையிலும் பல்மடங்காகிறது. மருந்து பட்ட தீவனத்தைத் தின்ற எருமையின் பாலிலும் வெண்ணெயிலும் அது வந்து சேர்கிறது. இவ்வேணியின் மேற்படியில் நிற்பவன் மனிதன். அவனுக்கும் மேலே ஒரு படி உண்டு. அங்கே இருப்பது தாய்ப்பால் அருந்தும் அவன் குழந்தை.

இந்நஞ்சுகள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். கனடா நாட்டின் வடகோடியில், உழவும் ஆலையும் இல்லாத பனிப்பகுதியில், இனூயிட் என்னும் மக்கள் வாழ்கின்றனர். கடல்நாய், திமிங்கிலம் ஆகியவற்றின் கொழுப்பு அவர்களுடைய உணவில் முக்கிய இடம் பெறுவது. 1980களில் அங்குள்ள தாய்மார்களின் பாலைச் சோதித்தபோது, தொழிற்சாலைகள் மிகுந்த தென்பகுதித் தாய்மார்களின் பாலில் இருந்ததைக் காட்டிலும் பல மடங்கு பி.சி.பி. என்னும் நஞ்சு அதில் காணப்பட்டது. வெப்ப நாடுகளிலும் தொழில் நாடுகளிலும் ஆவியாகி எழுந்த பொருள், குளிர்ந்த நாட்டில் படிந்து, மீனில் ஏறி, கடல்நாயில் ஏறி, இறுதியில் தாய்ப்பாலை அடைந்தது. அந்த நஞ்சை அம்மக்கள் ஆக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. எனவேதான், ஒரு நாடு தன் எல்லைக்குள் மட்டும் முயன்று இதனைத் தீர்க்க இயலாது என்பது உலகுக்குப் புலனாயிற்று.

நம் கையாலேயே கொடுத்தோம்

இம்மருந்துகள் நம் ஊர்களுக்கு வந்த காலத்தை மூத்த அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்பதை 1939இல் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பால் முல்லர் கண்டறிந்தார். 1948இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் சுமார் 7½ கோடி மக்கள் மலேரியாக் காய்ச்சலால் வருந்தினர் என்பது மதிப்பீடு. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீடுதோறும் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1954இல் அதனை உற்பத்தி செய்வதற்கென்றே அரசாங்கம் ஒரு நிறுவனத்தையும் நிறுவிற்று. 1965ஆம் ஆண்டளவில் நோயுற்றோர் தொகை ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்தது. எத்தனையோ குடும்பங்கள் இதனால் பிழைத்தன. இந்நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆயின், அவ்வெற்றி நிலைக்கவில்லை. மருந்துக்கு ஈடுகொடுக்கும் கொசுக்கள் பெருகின. தெளிப்புப் பணியும் தளர்ந்தது. 1976இல் நோயுற்றோர் தொகை மீண்டும் 64 லட்சத்தை எட்டிற்று. நஞ்சின் ஆற்றல் கொசுவிடம் குறைந்தது. மண்ணிலும் பாலிலும் குறையவில்லை.

வேளாண்மையிலும் அதே வரலாறுதான். கரையானுக்கு ஆல்ட்ரின், பருத்திக்கு எண்ட்ரின், நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் பி.எச்.சி. என்று மருந்துகள் வந்தன. வேளாண்மைத் துறையின் கிடங்குகளும் நம் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றை வழங்கின. பயிர்க்கடனில் ஒரு பகுதியை ரொக்கமாகவும் ஒரு பகுதியை உரமும் மருந்துமாகவும் கொடுப்பது வழக்கமாயிற்று. உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தினாலேயே அன்றைய நிர்வாகிகள் அவ்வாறு செய்தனர். அவர்கள்மேல் குறை கூறுவது நம் நோக்கமன்று. எனினும், அங்கத்தினரின் கையில் அப்பையைக் கொடுத்தது நம் சங்கம் என்னும் உண்மையை நாம் மறுக்கவும் இயலாது.

பி.எச்.சி.யைப் பற்றி ஒரு செய்தி கூறினால் அங்கத்தினர்கள் வியப்புறக்கூடும். அத்தூளிலுள்ள மருந்துப் பொருளில், நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு மட்டுமே பூச்சியைக் கொல்லும் வகையைச் சேர்ந்தது. ஏனைய பங்கு பூச்சிக்குப் பெரிதும் பயன்படாது. ஆனால் மண்ணிலும் உடற்கொழுப்பிலும் நீண்ட நாள் தங்கும். அதாவது, உழவர் விலை கொடுத்து வாங்கி வயலில் தூவிய நஞ்சில் பெரும்பகுதி எவ்விதப் பயனும் தராமல் மாசாக மட்டும் நின்றது.

தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தாக்சபீனுக்கும், வேளாண்மையில் டி.டி.டி. பயன்பாட்டுக்கும் 1989இல் தடை விதிக்கப்பட்டது. எண்ட்ரின் 1990இலும், ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை 1996இலும், பி.எச்.சி. 1997இலும் தடை செய்யப்பட்டன. ஒவ்வொரு தடையின்போதும் விற்பனை நின்றது. விற்காமல் எஞ்சிய பைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் எவரும் கேட்கவில்லை.

உடன்படிக்கையும் தேசியத் திட்டமும்

2001ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், ஸ்வீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கையை ஏற்றன. 2004 மே 17 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2006 ஜனவரி 13ஆம் நாள் அதனை உறுதி செய்தது. தொடக்கத்தில் பன்னிரண்டு நஞ்சுகள் பட்டியலில் இடம்பெற்றன. மேற்கூறிய பூச்சி மருந்துகள் பலவும், மின்சாதன எண்ணெயாகப் பயன்பட்ட பி.சி.பி.யும், எரிக்கும்போது தாமாகவே உண்டாகும் டையாக்சின், பியூரான் என்பனவும் அவற்றுள் அடங்கும். பிற்பாடு மேலும் பல சேர்க்கப்பட்டு, இன்று அப்பட்டியல் முப்பதைக் கடந்துவிட்டது.

உடன்படிக்கை இந்நஞ்சுகளை மூவகையாகப் பிரிக்கிறது. அறவே ஒழிக்க வேண்டியவை ஒருவகை. குறித்த பயனுக்கு மட்டும் அனுமதித்துக் கட்டுப்படுத்த வேண்டியவை மற்றொரு வகை. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கு மட்டும் இடம்பெற்ற டி.டி.டி. இவ்வகையைச் சேர்ந்தது. எவரும் விரும்பி உற்பத்தி செய்யாவிடினும் தொழில்களிலும் குப்பை எரிப்பிலும் உண்டாகின்றவை மூன்றாம் வகை. அவற்றை இயன்ற மட்டும் குறைக்க வேண்டும்.

உடன்படிக்கையின் ஏழாவது விதியின்படி, ஒவ்வொரு நாடும் தனக்கு அது நடைமுறைக்கு வந்த இரண்டாண்டுக்குள் ஒரு தேசிய அமலாக்கத் திட்டத்தை வகுத்து அளிக்க வேண்டும். இந்தியாவின் திட்டம் 2011 ஏப்ரலில் அளிக்கப்பட்டது. காலக்கெடுவைத் தாண்டிச் சுமார் மூன்றாண்டு தாமதம் நேர்ந்தது உண்மையே.

திட்டம் என்னும் சொல் கூட்டுறவாளர்களாகிய நமக்குப் புதியதன்று. ஐந்தாண்டுத் திட்டங்களின் காலம் தொட்டு அச்சொல்லோடு பழகி வந்திருக்கிறோம். எத்தனை ஏக்கர், எத்தனை தறி, எத்தனை மூட்டை என்று பெருக்குவதற்கே அத்திட்டங்கள் வகுக்கப்பட்டன. இத்திட்டமோ குறைப்பதற்கும் ஒழிப்பதற்கும் வகுக்கப்பட்டது. எனினும் இரண்டுக்கும் முதற்படி ஒன்றே. அது எண்ணிக்கை எடுப்பது. எந்த நஞ்சு, எங்கே, எவ்வளவு, எவரிடம் உள்ளது என்று அறிவது முதல் வேலை. சட்டத்தால் தடுப்பது, மாற்றுப் பொருளை வழங்குவது, எஞ்சியதைத் தீங்கின்றி அழிப்பது, மக்களுக்கு அறிவிப்பது ஆகியவை அதன் பின்னரே வரும்.

எண்ணிக்கையின் பயனுக்குப் பி.சி.பி. ஓர் எடுத்துக்காட்டு. பழைய மின்மாற்றிகளிலும் கெப்பாசிட்டர்களிலும் இவ்வெண்ணெய் பயன்பட்டது. தீப்பற்றாது என்பது அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. 1968இல் ஜப்பானில், தவிட்டெண்ணெய் ஆலையொன்றில் குழாயில் கசிவு ஏற்பட்டு இப்பொருள் சமையல் எண்ணெயில் கலந்ததால், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நம் நாட்டில் பெங்களூரிலுள்ள மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன் கணக்கெடுத்தபோது, சுமார் 10,000 டன் பி.சி.பி. மின்சாதனங்களில் இருப்பதாகத் தெரியவந்தது. அதன் பின்னரே, 2016 ஏப்ரலில் மத்திய அரசாங்கம் ஆணை பிறப்பித்து, அதன் உற்பத்தியையும் இறக்குமதியையும் வணிகத்தையும் தடுத்து, 2025 டிசம்பர் 31க்குள் பயன்பாட்டை முற்றிலும் நிறுத்த வேண்டும் என்று கெடு விதித்தது. 2018 மார்ச்சில் மேலும் ஏழு நஞ்சுகளைத் தடுக்கும் விதிகள் வெளியாயின. 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை அவ்வேழையும் உடன்படிக்கையின்கீழ் ஏற்க ஒப்புதல் அளித்தது.

ஈண்டு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பட்டியலில் ஒரு பொருள் புதிதாகச் சேர்ந்தவுடன் அது இந்தியாவைத் தானாகவே கட்டுப்படுத்துவதில்லை. நம் அரசாங்கம் அதனைத் தனியே ஏற்ற பின்னரே கட்டுப்படுத்தும். பருத்தியிலும் தேயிலையிலும் சிலந்திப் பேனுக்குத் தெளிக்கப்பட்ட டைகோபால், 2019இல் பட்டியலில் சேர்ந்தது. நம் நாட்டில் 2023இல் தடை செய்யப்பட்டது. கரையானுக்கும் காய்ப்புழுவுக்கும் நம் உழவர்கள் நன்கறிந்த குளோர்பைரிபாஸ், சில பயன்களுக்கு விலக்குகளுடன் 2025இல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே, இன்று நம் விற்பனை நிலையத்தின் அலமாரியில் உள்ள டப்பாவும் நாளை இக்கணக்கில் சேரக்கூடும். வாங்கி அடுக்கும்போதே இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

காசரகோடு தரும் பாடம்

தடையோடு வேலை முடிவதில்லை என்பதை நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் காசரகோடு மாவட்டம் காட்டுகிறது. அங்குள்ள முந்திரித் தோட்டங்களில், தேயிலைக் கொசு என்னும் பூச்சியை ஒழிப்பதற்காக, 1970களின் பிற்பகுதி தொட்டு 2000 வரை எண்டோசல்பான் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. மலைச்சரிவுகளில் தோட்டம், சரிவுகளின் அடியில் வீடுகளும் கிணறுகளும் சுரங்க நீரூற்றுகளும். அவ்வூர்களில் ஊனத்தோடு கன்றுகளும் குழந்தைகளும் பிறப்பதை மக்கள் கண்டனர். வேளாண்மைத் துறை ஊழியரான லீலாகுமாரி அம்மா 1998இல் ஹோஸ்துர்க் நீதிமன்றத்தை நாடி, வான்வழித் தெளிப்புக்குத் தடை பெற்றார். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தினர் பத்ரே என்னும் ஊரின் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்து, ஒப்பிட எடுத்துக்கொண்ட வேறோர் ஊரைக் காட்டிலும் அங்கே குறைபாடுகள் மிகுந்திருப்பதை அறிவித்தனர். 2011 ஏப்ரலில் ஜெனீவாவில் எண்டோசல்பான் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு மே 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டோருக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் வழங்குமாறு கேரள அரசாங்கத்துக்கு ஆணையிட்டது.

இத்துடன் வரலாறு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தெளித்தது போக எஞ்சிய மருந்து பீப்பாய்களில் தோட்டக் கிட்டங்கிகளிலேயே கிடந்தது. பீப்பாய்கள் துருப்பிடித்துக் கசியத் தொடங்கின. 2012இல், காப்புடை அணிந்த வல்லுநர்கள் வந்து, அம்மருந்தைப் புதிய பீப்பாய்களுக்கு மாற்றினர். அதற்குப் பின்னரும் அது பல ஆண்டுகள் அம்மாவட்டத்தை விட்டு நீங்கவில்லை. உச்ச நீதிமன்றமே தடுத்த நஞ்சு, தடுத்த பின்னும் அதே ஊரில் இருந்தது. நாம் கொங்கு நாட்டில் கண்ட மூன்று டப்பாக்களுக்கும் அப்பீப்பாய்களுக்கும் அளவில்தான் வேறுபாடு.

நெசவாளருக்கும் இதில் பங்கு உண்டு

இது உழவரின் கவலை. தறிகாரருக்கு இதில் என்ன என்று நெசவாளர் சங்கத்து அன்பர்கள் கேட்கலாம். நூலுக்கும் மரத்துக்கும் தோலுக்கும் பூஞ்சைக் காப்பாகப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் 2015இல் பட்டியலில் சேர்ந்தது. துணியில் நீரும் எண்ணெயும் கறையும் ஒட்டாமலிருக்கச் செய்யும் மேற்பூச்சுகளில் இடம்பெற்ற புளோரின் சேர்மங்கள் சில 2009, 2019 ஆண்டுகளிலும் 2022இலும் சேர்ந்தன. திரைச்சீலை, இருக்கைத் துணி ஆகியவற்றில் தீத்தடுப்புக்காகப் பூசப்பட்ட புரோமின் சேர்மம் ஒன்று 2013இல் சேர்ந்தது. சாயப் பட்டறைக்கும் பதனிடும் ஆலைக்கும் பெயர் தெரியாத டப்பாவில் வரும் ‘ஸ்பெஷல் பினிஷ்’ எதனால் ஆனது என்று கேட்டறிவது இனி அவசியமாகிறது.

கேளாதவர்கள் எவ்வாறு இடர்ப்பட்டனர் என்பதை நம் மாநிலம் கண்டிருக்கிறது. 1989இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலுக்குத் தடை விதித்தபோது, அதனைப் பயன்படுத்திய தோல் ஏற்றுமதியாளர்கள் அவசர அவசரமாக வேறு காப்புப் பொருளுக்கு மாற வேண்டியதாயிற்று. 1994இல் அந்நாடு சிலவகை ஆசோச் சாயங்களைத் தடுத்தபோது, கரூர்ப் பகுதியின் ஏற்றுமதித் துணிகளும் சோதனைக்கு உள்ளாயின. 1997க்குள் இந்தியாவும் 112 சாயங்களைத் தடை செய்தது. அச்சாயங்கள் நாம் இங்குப் பேசும் அழியா நஞ்சு வகையைச் சேர்ந்தவை அல்ல. எனினும் பாடம் ஒன்றே. முன்னரே அறிந்து மாறியவர் தொழிலைக் காத்துக்கொண்டார். துறைமுகத்தில் சரக்கு நின்ற பின் அறிந்தவர் நட்டமடைந்தார்.

மேலும் இரண்டு செய்திகள் உண்டு. கூட்டுறவு நூற்பாலைகளிலும் பழைய விசைத்தறிக் கூடங்களிலும் செயலற்று நிற்கும் மின்மாற்றிகளைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுக்குமுன், அவற்றின் எண்ணெயைச் சோதிக்கச் செய்தல் வேண்டும். அவ்வெண்ணெயைக் கதவுக் கீலுக்கோ எந்திரத்துக்கோ ஊற்றுவதும் அடுப்பெரிக்கக் கொடுப்பதும் பெருந்தீங்கு. அடுத்தது, குப்பையை எரிப்பது. பி.வி.சி. குழாய்த் துண்டுகளையும், செம்பு எடுப்பதற்காக மின்கம்பிகளின் மேலுறையையும் திறந்த வெளியில் எரிக்கும்போது டையாக்சின் உண்டாகிறது. இந்நஞ்சை எவரும் விற்பதில்லை, எவரும் வாங்குவதில்லை. நாமே தீமூட்டி உண்டாக்குகிறோம். இதனை நிறுத்துவதற்குச் சட்டத்தின் துணையோ பொருட்செலவோ வேண்டுவதில்லை.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

முதலாவதாக, ஒவ்வொரு சங்கமும் தன் கிட்டங்கி, கிளை, பழைய விற்பனை நிலையம் ஆகியவற்றில் கிடக்கும் தடை செய்யப்பட்ட மருந்துகளையும், பெயர் தெரியாத டப்பாக்களையும் கணக்கெடுக்க வேண்டும். தள்ளுபடி செய்யப்பட்டவையாயினும் அவற்றை ஒரு தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். கணக்கில் வராத நஞ்சுக்குப் பொறுப்பாளர் எவரும் இல்லை. பொறுப்பாளர் இல்லாத நஞ்சு ஒருநாள் குப்பையோடு குப்பையாக வாய்க்காலுக்குச் சென்றுவிடும். அதிலும், கிட்டங்கியை இடிக்கும் நாளில்தான் இவ்வபாயம் மிகுதி.

இரண்டாவதாக, அவற்றைப் பிரிக்கவும், கொட்டவும், எரிக்கவும், புதைக்கவும் கூடாது. எரிப்பதாயின் 1,100 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் புகையைச் சுத்தி செய்யும் கருவிகளும் கொண்ட உலையில்தான் எரிக்கலாம். சாதாரண நெருப்பில் இட்டால் ஒரு நஞ்சு போய் வேறொரு நஞ்சு பிறக்கும். புதைத்தாலோ கிணற்று நீரில் கலக்கும். பூட்டிய அறையில், தானியத்துக்கும் உரத்துக்கும் அப்பால், தரையில் படாமல் ஒரு தட்டத்தின்மேல் வைத்து, எச்சரிக்கை எழுதி ஒட்டிவிட வேண்டும்.

மூன்றாவதாக, நிர்வாகக் குழுவில் தீர்மானம் இயற்றி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், வேளாண்மைத் துறைக்கும், கூட்டுறவுத் துறைக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அபாயகரமான கழிவுகளை ஏற்றுக் கையாளும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. ஐந்து பைகளை ஒரு சங்கம் தனியே அங்கு அனுப்புவது செலவு மிக்கதே. ஆனால் ஒரு வட்டாரத்துச் சங்கங்கள் அனைத்தும் தத்தம் எச்சத்தைக் கணக்கிட்டு, உரிய அனுமதியோடு ஒரே வண்டியில் அனுப்பினால் செலவு பகிர்ந்துபோகும். தனியொருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதற்குத்தானே கூட்டுறவு தோன்றியது?

நான்காவதாக, அங்கத்தினர்களின் வீடுகள். பரண்மேலும் மாட்டுக் கொட்டகையிலும் பழைய எறும்புப் பொடியும் கரையான் மருந்தும் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைச் சங்கத்துக்கு அறிவிக்குமாறு கேட்க வேண்டும். மருந்து டப்பாவில் குடிநீரோ எண்ணெயோ விதையோ வைத்தல் ஆகாது என்பதைப் பேரவைதோறும் எடுத்துரைக்க வேண்டும்.

ஐந்தாவதாக, மாற்று வழிகளுக்கு விற்பனை நிலையத்தில் இடம் அளிக்க வேண்டும். 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, விளக்குப் பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை ஆகியவை நம் உழவர்களுக்குப் பழக்கமானவையே. கொசுவுக்கு எதிராகவும் டி.டி.டி.யின் இடத்தில் மருந்தேற்றிய வலைகள் வந்துள்ளன. தடை செய்ததை அகற்றுவது பாதி வேலை. அடுத்து வாங்குவது எது என்று தேர்வது மறு பாதி.

ஓர் ஐயமும் அதன் விடையும்

நாம் மேற்கூறியவற்றை அச்சங்கத் தலைவரிடம் அன்றே எடுத்துரைத்தோம். அவர் நல்ல நிர்வாகி. மறைத்துப் பேசத் தெரியாதவர். “நாங்களாகவே எழுதிக்கொடுத்தால், இத்தனை ஆண்டும் ஏன் வைத்திருந்தீர்கள் என்று எங்களைத்தானே கேட்பார்கள்? முன்பிருந்த குழுவின் வினைக்கு இக்குழு ஏன் பழி சுமக்க வேண்டும்? யாருக்கும் தெரியாமல் கிடப்பது அப்படியே கிடக்கட்டுமே” என்றார்.

இவ்வச்சம் நியாயமானதே. பல சங்கங்களின் மௌனத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். தானே முன்வந்து கணக்குக் கொடுக்கும் சங்கத்தைக் குற்றவாளிபோல் நடத்தாமல், துணையாகக் கொண்டு, எடுத்துச் செல்லும் செலவிலும் பங்கேற்க அரசாங்கம் முன்வர வேண்டும் என்று இப்பக்கத்தின் வாயிலாக வேண்டிக்கொள்கிறோம். அவ்வாறு செய்யாவிடின், தேசியத் திட்டத்தின் எண்ணிக்கை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

எனினும் சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. கடன் கொடுத்த குழு மாறிவிட்டது என்று சொல்லி எந்த அங்கத்தினரும் நம்மிடம் கடனைத் தள்ளிவிட முடியாது. சங்கம் என்பது குழு அன்று. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஓர் உடல். நேற்றைய குழு சேர்த்த நிதி இன்றைய குழுவுக்கு உரியதாகுமெனில், நேற்றைய குழு விட்டுச்சென்ற நஞ்சும் இன்றைய குழுவுக்கே உரியது. அங்கத்தினரின் வயலுக்கு அதனைக் கொண்டுசேர்த்தது நம் கை. ஊரிலிருந்து அதனை அகற்றுவதற்கும் அக்கையே நீள வேண்டும்.

தலைவர் அப்போது ஒன்றும் கூறவில்லை. இரு வாரம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. குழு கூடித் தீர்மானம் இயற்றியிருப்பதாகவும், கிட்டங்கியை இடிக்கும் வேலையை நிறுத்தி வைத்திருப்பதாகவும், அண்டையிலுள்ள நான்கு சங்கங்களுக்கு எழுதியதில் இரண்டு சங்கங்கள் தம்மிடமும் அத்தகைய சரக்கு உண்டென ஒப்புக்கொண்டதாகவும் அதில் கண்டிருந்தது. பதிவேட்டின் அப்பக்கத்தையும் படியெடுத்து அனுப்பியிருந்தார். முதிய எழுத்தர் தம் திருத்தமான கையெழுத்தில், ‘பி.எச்.சி. தூள், பை 5. பெயர் தெரியாத மருந்து, டப்பா 3, ஒன்று கசிவு’ என்று எழுதி, மதிப்பு என்னும் பத்தியில் ஒரு கோடு மட்டும் இழுத்து, குறிப்பு என்னும் பத்தியில் ‘அகற்றப்பட வேண்டியது’ என்று வரைந்திருந்தார்.

அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்துக்கு விடை இன்னும் வரவில்லையாம். பைகளும் டப்பாக்களும் பூட்டிய அறையில் காத்திருக்கின்றன. ஆயினும் அவை இப்போது கணக்கில் இருக்கின்றன. இக்கட்டுரையைப் படிக்கும் ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகிகளும் இவ்வாரத்திலேயே தம் கிட்டங்கியின் பின்மூலைக்கு ஒருமுறை சென்று பார்த்து, தாம் கண்டதை நமக்கும் எழுதுவார்களாக.